வயலினின் ஞானத்தாய்

சான் ரெமிஹியோ
1993 ஆகஸ்ட் 9, திங்கள் இரவு

அன்புள்ள மதர் ஒட்டிலியா,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். கும்பிட்டுக் கேட்கிறேன். உங்கள் சபையின் மாநிலத் தலைவிக்கும் காட்ட வேண்டாம். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். விடுதிப் பெண்கள் எழுதுவதையெல்லாம் சிஸ்டர் பெனிக்னா வாசித்துவிட்டுத்தான் உறையை ஒட்டுகிறார். உங்களுக்கு எழுதவே கூடாது என்று தனி உத்தரவு வேறு. "மதர் கொச்சபாம்பாவுல உக்காந்து பள்ளிக்கூடத்து அறிக்கை எல்லாம் எழுதுறாங்க. நீங்க ஆளுக்கொரு கடுதாசி போட்டு அழ வச்சா அவங்க எப்ப முடிக்கிறது, எப்பத் திரும்பி வர்றது?" என்கிறார். அதனால் ரொட்டிக்காரி எபிஃபானியாவிடம் கொடுத்தனுப்புகிறேன். பேருந்து ஓட்டுநர் அவள் மச்சான். நீங்களும் அவள் பெயருக்கே எழுதுங்கள். பாலாடை ரொட்டிக் கூடையில் அடியில் வைத்துக் கொண்டுவந்து தருவாள்.

வயலின் வைக்கிற அறையில் மெழுகுவர்த்தி ஏற்றி எழுதுகிறேன். நம் பழைய அறை இல்லை. அங்கே தட்டச்சு வகுப்பு வரப்போகிறதாம். வயலின்களை எல்லாம் கோவிலுக்குப் பின்னால் இருக்கிற சின்ன அறைக்கு மாற்றிவிட்டார்கள். கரையான் ஏறாமல் பார்த்துக்கொள்வது என் வேலை, அதனால் ஒரு சாவி என்னிடம் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று பூசை முடிந்ததும் தோன்யா மிர்த்தா வந்தார். சாந்தா குரூஸில் மரம் அறுக்கும் ஆலை வைத்திருப்பவரின் மனைவி, என் வயலினுக்கு ஞானத்தாய். பெரிய கேக் ஒன்று கொண்டுவந்திருந்தார். என்னை முற்றத்தில் நிறுத்தி வாசிக்கச் சொன்னார். இரண்டு வரி வாசிப்பதற்குள் கைதட்டிவிட்டு, ஞான உறவு முறை சொல்லி அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா மரவள்ளி விற்க வந்திருந்தார்.

"கோமாத்ரே, இவள நான் கூட்டிட்டுப் போறேன். என் பொண்ணுங்க ரெண்டு பேரும் கட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. வீடு வெறிச்சுன்னு கெடக்கு. இந்தப் புழுதியில இவ வாசிச்சு யாரு கேக்கப் போறா?"

அம்மா பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "பள்ளிக்கூடம் இருக்குங்களே, கோமாத்ரே."

"அங்க இல்லாத பள்ளிக்கூடமா? ராத்திரிப் பள்ளிக்கூடம் இருக்கு. பகல்ல வீட்டுல கூடமாட இருப்பா. விருந்தாளி வந்தா ரெண்டு பாட்டு வாசிப்பா. எங்க, தங்கம், கையக் காட்டு."

காட்டினேன். அவர் விரல்களைப் பார்க்கவில்லை. உள்ளங்கையைத் திருப்பி அழுத்திப் பார்த்து, "நல்ல உறுதியான கை" என்றார்.

சிஸ்டர் பெனிக்னா மட்டும் குறுக்கே வந்தார். "விடுதிப் பொண்ண வருஷ நடுவுல அனுப்பணும்னா தலைமையாசிரியை கையெழுத்து வேணும். மதர் ஒட்டிலியா இல்லாம என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். தோன்யா சிரித்தார். "சரி, புனித ரெமிஹியோ திருவிழாவுக்கு வருவேன்ல. அதுக்குள்ள வாங்கி வைங்க."

அம்மா கிளம்பும்போது அவரிடம் அழுதேன். "ஞான உறவுல கேக்குறாங்க. எப்படிடி இல்லேங்கிறது?" என்றார். அவரும் அழுதார். ஆனால் இல்லை என்று சொல்லப் போவதில்லை.

மதர், நீங்கள் ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். 'நசாரியா சுருபியை வெளியே அனுப்பக் கூடாது' என்று. திருவிழா அக்டோபர் முதல் தேதி. அதற்குள்.

யாரோ முற்றத்தில் நடக்கிறார்கள். அணைக்கிறேன்.

நசாரியா

*

கொச்சபாம்பா
1993 ஆகஸ்ட் 17

அன்புள்ள நசாரியா,

உன் கடிதம் வெண்ணெய் மணத்தோடு வந்தது. வாசலில் தபால் வாங்குவது இப்போது என் வேலை என்பதால் யார் கண்ணிலும் படவில்லை. அடுப்பில் போடச் சொன்னாய், போட்டேன். ஆனால் முதலில் இரண்டு முறை வாசித்தேன்.

பயப்படாதே. நீ இல்லாத பூச்சாண்டியைப் பார்க்கிறாய் என்று நினைக்கிறேன். வயலினுக்கு ஞானத்தாய் என்பது நாம் கண்டுபிடித்த வழி, அவ்வளவுதான். பள்ளியிடம் வயலின் வாங்கப் பணம் இல்லை. உங்கள் ஊரில் பிறந்தநாள் கேக்குக்கு ஞானத்தாய், புதுக் கதவுக்கு ஞானத்தகப்பன், கால்பந்துக்குக்கூட ஒருவர் இருப்பதைப் பார்த்தேன். வயலினுக்கும் இருக்கட்டுமே என்று தோன்றியது. நன்கொடை கொடுத்தவர் மனம் குளிர ஒரு சின்னச் சடங்கு. அதனால் உன்மேல் யாருக்கும் எந்த உரிமையும் வராது. உன் அம்மாவுக்கு இதை நிதானமாக எடுத்துச் சொல்.

இன்னொன்றையும் யோசித்துப் பார். சாந்தா குரூஸில் இசைப்பள்ளி இருக்கிறது. தோன்யா மிர்த்தா தாராளமானவர். சரியாகப் பேசினால் உன்னை அங்கே சேர்த்துவிடக்கூடும். என்னால் சொல்லிக் கொடுக்க முடியாததை அங்கே சொல்லிக் கொடுப்பார்கள். உன் இடது கை என்னுடையதைவிட நன்றாக ஓடுகிறது என்பது உனக்கே தெரியும். இது பற்றிச் சிஸ்டர் பெனிக்னாவுக்கு முறைப்படி ஒரு கடிதம் எழுதுகிறேன். எல்லாம் அலுவலக வழியில் போனால்தான் நிற்கும் என்று இங்கே தினமும் எனக்குப் பாடம் நடக்கிறது.

என் நிலைமையைக் கேட்டால் சிரிப்பாய். மூன்று வருட வருகைப் பதிவேடுகளை மேசையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஓரங்களில் எல்லாம் ஸ்வரம் கிறுக்கி வைத்திருக்கிறேன். சில மாதங்களுக்கு வருகையே இல்லை, ஸ்வரம் மட்டும் இருக்கிறது. அரசாங்கத்தோடு போட்ட ஒப்பந்தம் ரத்தாகும் நிலைக்கு வந்திருக்கிறது. மாநிலத் தலைவி ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, "ஒட்டிலியா, உன் பள்ளிக்கூடத்துல ஒரு இசைக்குழு இருக்கா, இல்ல இசைக்குழுவுக்குள்ள ஒரு பள்ளிக்கூடம் இருக்கா?" என்று கேட்டார். பெற்றோர் அலுவலகத்தில் காத்திருக்க நான் உங்கள் தந்திகளை முறுக்கிக்கொண்டு இருந்ததும், உங்களைப் பாதி வரியில் நிறுத்திவிட்டு முத்திரை குத்த ஓடியதும் உண்மை. இரண்டு பக்கமும் நான் பாதியாகவே இருந்திருக்கிறேன்.

இதை முடித்துவிட்டு வருகிறேன். அதுவரை வில் இல்லாமல் பழகு. விரல்களை முன்கையில் வைத்து ஓட்டு. சத்தம் வராது, சிஸ்டரும் திட்டமாட்டார்.

உன் மதர் ஒட்டிலியா

*

சான் ரெமிஹியோ
1993 ஆகஸ்ட் 29, இரவு

மதர்,

'அன்புள்ள' போடவில்லை. கோபமாக இருக்கிறேன்.

உங்கள் அலுவலகக் கடிதம் வந்தது. சிஸ்டர் பெனிக்னா என்னைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார். 'நசாரியாவின் இசைக் கல்வி குறித்துத் தோன்யா மிர்த்தாவின் பெருந்தன்மையான எண்ணத்தை அறிந்து மகிழ்கிறேன். அவருடன் கலந்து பேசவும்.' நீங்கள்தான் எழுதினீர்களா? அப்படியே கலந்து பேசினார்கள். சிஸ்டர் தொலைபேசி நிலையத்துக்குப் போய்ப் பேசினார். கூண்டுக்கு வெளியே நின்றவர்களுக்கெல்லாம் அந்தப் பக்கத்துக் குரல் கேட்டதாம். "பாத்தீங்களா, மதரே சந்தோஷம்னு சொல்லிட்டாங்க!" இப்போது ஊர் முழுக்க அதுதான் பேச்சு. நேற்று கிணற்றடியில் ஒருத்தி அம்மாவிடம், "ஒனக்கென்னம்மா, பொண்ணு மாடி வீட்டுக்குப் போறா" என்றாள்.

சின்னச் சடங்கு என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் அங்கேதான் நின்றீர்கள், மதர். சாமியார் வயலின்மேல் தீர்த்தம் தெளித்தபோது தோன்யா ஒரு பக்கம் பிடித்திருந்தார், அம்மா மறுபக்கம் பிடித்திருந்தார், நடுவில் நான். தண்ணீர் மூன்று பேர் கையிலும் விழுந்தது. பிறகு அவர்கள் இரண்டு பேரும் கட்டிப்பிடித்து ஒருவரை ஒருவர் கோமாத்ரே என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். நீங்கள் அம்மாவின் கையைப் பிடித்துத் தோன்யாவின் கையில் வைத்தீர்கள். சிரித்தீர்கள். அன்றைக்கு அம்மா வீட்டில் இருந்த கோழி எல்லாவற்றையும் அடித்துச் சமைத்தார். நன்கொடைக்காக யாராவது அப்படிச் செய்வார்களா? எங்கள் ஊரில் இரண்டு பெண்களுக்கு நடுவில் அந்தத் தண்ணீர் விழுந்தால் அது கூடப்பிறந்த பிறப்பைவிடப் பெரியது. அக்காள் கேட்டால் இல்லை என்று சொல்லிவிடலாம், சண்டைகூடப் போடலாம். கோமாத்ரே கேட்டால் முடியாது. கேட்டதைக் கொடுக்காதவள் வீட்டில் சாவு விழுந்தால் யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள்.

எங்கள் பெரியம்மா மகள் எல்வீரா இப்படித்தான் வேறொரு ஞானத்தாயோடு நகரத்துக்குப் போனாள். அவளையும் படிக்க வைப்பதாகத்தான் சொன்னார்கள். ஒருமுறை வந்தாள். கையெல்லாம் சோப்புக்காரம் பட்டு வெந்து வெளுத்திருந்தது. நாற்காலி போட்டால் உட்காரவில்லை, சுவரோரம் நின்றாள். தன் அம்மா வீட்டுப் பானையில் தண்ணீர் மொள்ள, "எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். பெரியம்மா அடுப்படிக்குப் போய்விட்டார். அவளுக்கு நல்ல குரல் இருந்தது, மதர். பாடச் சொன்னோம். சிரித்தாள், அவ்வளவுதான்.

பெலார்மினா எப்போதும்போலக் கேலி பேசுகிறாள். "எனக்கு மருந்துக்கடைக்காரர்தாண்டி ஞானத்தகப்பன். நான் போயி மாத்திரை எண்ணுவேன். பின்னால நிக்கிற பெர்மினாவோட வயலினுக்குச் சவப்பெட்டிக் கடைக்காரர். அவ என்ன பண்ணுவாளோ!" எல்லோரும் சிரித்தோம். அப்புறம் எங்கள் வரிசையில் ஒவ்வொருத்தியும் தன் வயலினைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

நீங்கள் போன நாளை மறக்க முடியவில்லை. ஜீப் வந்தது, குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "வாசிங்க, நிறுத்தாதீங்க, இதோ வந்துடறேன்" என்றீர்கள். சாப்பாட்டு மணி அடிக்கும்வரை வாசித்தோம்.

பழகச் சொன்னீர்களே, பழகவில்லை.

நசாரியா சுருபி

*

கொச்சபாம்பா
1993 செப்டம்பர் 10

என் நசாரியா,

உன் கடிதத்தை எரிக்கவில்லை. முடியவில்லை.

படித்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். இங்கே பாத்திரம் கழுவுகிற பெண் உங்கள் பக்கத்துக்காரி. யாரென்று சொல்லாமல் விஷயத்தை மட்டும் கேட்டேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தீர்த்தம் தெளிச்சாங்களா, மதர்?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்பப் போச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டை எடுத்தாள்.

உங்கள் ஊரில் இத்தனை வருடம் இருந்தேன். உங்கள் மொழியில் ஒப்பாரிகூடக் கேட்டுப் புரிந்துகொள்வேன் என்று பெருமை வேறு. ஆனால் ஒரு வயலின் வருகிறதே என்கிற சந்தோஷத்தில் நான் ஒரு பிள்ளையைத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன். உன்னை மட்டுமா? உங்கள் வரிசை முழுவதையும். அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த ஒட்டிலியாவுக்குக் கருவிகள் வேண்டும், இசை அறையில் நின்ற ஒட்டிலியாவுக்கு உங்கள் கைகள் வேண்டும். இரண்டு பேருக்கும் நடுவில் உங்கள் அம்மாக்கள் நின்றதை இரண்டு பேருமே பார்க்கவில்லை.

இனிச் செய்ததைச் சொல்கிறேன். போன வாரம் மாநிலத் தலைவியிடம் போய், என்னை உடனே திருப்பி அனுப்புங்கள் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "நீ நல்லாப் பள்ளிக்கூடம் நடத்துவ, நல்லா வயலினும் சொல்லிக் குடுப்ப. ரெண்டையும் ஒரே நேரத்துல பண்ணா ரெண்டும் கெட்டுப் போகுது. ஒண்ண எடு" என்றார். தலைமையாசிரியையாகத் திரும்பினால் இசைக்குழு இல்லை. இசை ஆசிரியையாகத் திரும்பினால் அலுவலகம் இல்லை.

நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை, நசாரியா. உங்களை எடுத்துக்கொண்டேன். புதன்கிழமை கையெழுத்துப் போட்டுவிட்டேன். இனிமேல் தலைமைப் பொறுப்பு சிஸ்டர் பெனிக்னாவுக்கு. பதிவேடு இல்லை, முத்திரை இல்லை, ஜீப் வந்தாலும் எழுந்து போக வேண்டியதில்லை. அன்றிரவு பல வருடங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

இத்துடன் நீ கேட்ட உத்தரவை வைத்திருக்கிறேன். 'விடுதி மாணவி நசாரியா சுருபியை ஆண்டு இறுதித் தேர்வு முடியும்வரை எவர் கேட்டாலும் வெளியே அனுப்பலாகாது.' என்னிடம் இருந்த முத்திரையைக் குத்தியிருக்கிறேன். பொறுப்பு மாறிய செய்தி அங்கே வந்து சேர நாளாகும். அதுவரை என் கையெழுத்து செல்லும் என்றுதான் நினைக்கிறேன். செல்லும். தயங்காமல் கொண்டுபோய்க் கொடு.

திருவிழாவுக்கு முந்தின நாள் பேருந்தில் நான் வர அனுமதி கேட்டிருக்கிறேன்.

உன் மதர்

*

சான் ரெமிஹியோ
1993 செப்டம்பர் 19, இரவு

அன்புள்ள மதர்,

உத்தரவு வந்தது. எபிஃபானியா கூடையை இறக்கும்போதே கண்ணடித்தாள். நான் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினேன். வழியில் பெலார்மினாவைக் கட்டிப்பிடித்து அவள் கையில் இருந்த ரொட்டியைத் தட்டிவிட்டேன். "போறவ நீன்னு நெனச்சேன், இப்பப் போனது என் ரொட்டி" என்று திட்டினாள்.

சிஸ்டர் பெனிக்னா நின்றுகொண்டே வாசித்தார். எப்படிக் கிடைத்தது என்று கேட்கவில்லை. பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து இன்னொரு காகிதத்தை எடுத்து இதன் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே பேருந்தில் வந்திருக்கின்றன. அவரைத் தலைமையாசிரியையாக நியமித்த கடிதத்தில் செப்டம்பர் எட்டு என்று இருந்தது. உங்கள் உத்தரவில் பத்து.

"ரெண்டு நாள் முன்னாடி எழுதியிருந்தா நான் இத வாசல்லயே ஒட்டி வச்சிருப்பேன்" என்றார். "இப்ப இது வெறும் காகிதம்மா."

"அப்ப நீங்க எழுதுங்க, சிஸ்டர். நீங்கதானே இப்பத் தலைமையாசிரியை" என்றேன்.

அவர் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. "மதர் ஒட்டிலியா மாட்டேன்னு சொன்னா, 'பாவம் வெளிநாட்டுக்காரங்க, நம்ம வழக்கம் தெரியாது'ன்னு ஊரே விட்டுடும். உங்கம்மா மேலயும் பழி வராது. நான் சொன்னா? நான் தாரிஹாவுல கழுத ஓட்டினவன் மக. எனக்கு நாலு கோமாத்ரே இருக்காங்க. எனக்கு வழக்கம் தெரியும்னு எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சே ஒரு தாய அவ ஞான உறவ முறிக்க வச்சேன்னுதான் ஆகும். அப்புறம் இந்த ஊர்ல உங்கம்மாவுக்கு நெருப்புகூட யாரும் குடுக்கமாட்டாங்க." மூக்கைச் சிந்தினார். "அவங்க ஒருத்தங்களாலதான் முடிஞ்சிருக்கும். அந்த நாற்காலில அவங்க இருந்தவரைக்கும்."

மதர், நான் உங்களைக் குறை சொல்லவில்லை. நீங்கள் எங்களை எடுத்துக்கொண்டீர்கள். அதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதனால்தான் தாங்க முடியவில்லை.

அம்மா வெள்ளிக்கிழமை வந்து, என்னை அனுப்பச் சம்மதம் என்ற தாளில் கட்டைவிரல் வைத்துவிட்டுப் போனார்.

கையெழுத்து இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நீங்கள் வந்து முற்றத்தில் நின்றால் போதும். ஒன்றும் பேச வேண்டாம். உங்கள் முகத்துக்கு எதிரில் என்னைக் காரில் ஏற்றத் தோன்யாவுக்குக் கூச்சமாக இருக்கும். அம்மாவுக்கும் ஒரு சாக்கு கிடைக்கும்.

முந்தின நாள் பேருந்தில் வந்துவிடுங்கள்.

நசாரியா

*

கொச்சபாம்பா
1993 செப்டம்பர் 25

நசாரியா,

அனுமதி இல்லை.

தலைமையாசிரியையாக இருந்திருந்தால் பள்ளி வேலை என்று நாளைக்கே புறப்படலாம். இசை ஆசிரியைக்குத் தேர்வு நேரத்தில் அங்கே வேலை இல்லையாம். பிப்ரவரியில் பள்ளி திறக்கும்போது போகலாம் என்றார்கள். மறுபடி கேட்டேன். முழங்காலில் நின்று கேட்டேன். "ஒட்டிலியா, நீ கேட்டதத்தான குடுத்தோம்" என்றார் மாநிலத் தலைவி. அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

நேற்று பையை எடுத்துக்கொண்டு வாசலறையில் உட்கார்ந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. பேருந்து நிலையம் இரண்டு தெரு தள்ளி. என் தங்கையின் கல்யாணத்துக்கும், அப்பா இறந்தபோதும், அனுமதி இல்லை என்றதும் போகாமல் இருந்தவள் நான். உனக்காக எழுந்திருப்பேன் என்று நினைத்தேன். விளக்கு வைத்தார்கள், சாப்பாட்டு மணி அடித்தது, நான் பையைத் திரும்ப அறைக்குக் கொண்டுபோனேன். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. மன்னித்துவிடு என்று எழுதினால் நீ அதற்கும் பதில் எழுத வேண்டியிருக்கும், அதனால் எழுதவில்லை.

என்னால் முடிந்தது இது ஒன்றுதான். கீழே இருப்பதை உன் அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டு.

'அம்மா, நான் மதர் ஒட்டிலியா சொல்கிறேன். வயலினை மந்திரித்தது ஞானஸ்நானம் போன்ற திருவருட்சாதனம் அல்ல. ஒரு பொருளுக்கு ஞானத்தாயாக இருப்பதால் திருச்சபையின் சட்டப்படி எந்த உறவும் உண்டாவதில்லை. அன்று உங்கள் கைகளைச் சேர்த்து வைத்தது என் தவறு. அந்தத் தண்ணீர் உங்களைக் கட்டவில்லை. உங்கள் மகளை நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை.'

ஒட்டிலியா

*

சான் ரெமிஹியோ
1993 செப்டம்பர் 30, இரவு

அன்புள்ள மதர்,

வெளியே திருவிழாவுக்கு மேளம் அடிக்கிறார்கள், வாணம் விடுகிறார்கள். மழையும் தூறுகிறது. எழுத்து சரியாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் வயலின் அறையில் உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இருக்கிறேன்.

நீங்கள் எழுதியதை மத்தியானம் அம்மாவுக்கு வாசித்தேன். அம்மா சோளம் உரித்துக்கொண்டு இருந்தார். முழுவதும் கேட்டார். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பிறகு கேட்டார்:

"அதே சாமியார்தான தெளிச்சாரு?"

"ஆமாம்மா."

"அதே கோயில், அதே தண்ணிதான? உனக்கு ஞானஸ்நானம் குடுத்தப்பவும் அந்தக் கல்தொட்டித் தண்ணிதான?"

"ஆமா."

"அப்ப அது செல்லும், இது செல்லாதா? மதர் ஆஸ்திரியாவுலேருந்து கப்பல் ஏறி வந்து, தண்ணி விழுந்தா மனுசி மாறிடுவான்னு சொன்னாங்க. நான் நம்புனேன். உன் தம்பி செத்தப்ப அத நம்பித்தாண்டி அவனப் புதைச்சேன். இப்ப எனக்குக் கஷ்டம்னு வந்ததும் அது வெறும் தண்ணின்னு ஆயிடுமா?"

மதர், இதற்குப் பதில் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் இல்லை.

தோன்யா மிர்த்தா சாயங்காலமே வந்துவிட்டார். சாமியாரின் பங்கு வீட்டில் தங்கியிருக்கிறார். மழை வலுத்தால் செம்மண் ரோடு சேறாகிவிடும், விடிவதற்குள் புறப்பட வேண்டும் என்று சொல்லிக்கொண்டு இருக்கிறார். எனக்குப் புது ஏப்ரன் ஒன்று கொண்டுவந்திருக்கிறார். ஓரத்தில் பூவேலை செய்தது. கெட்டவர் இல்லை. அதை என் மேலே வைத்துப் பார்த்து, "என் கண்ணே பட்டுடும் போல" என்றார்.

நான் சாப்பாட்டு வரிசையிலிருந்து நழுவி இங்கே வந்துவிட்டேன். யோசித்துத்தான் செய்தேன். ரோடு சேறாகிவிடும் என்பதால் அவரால் காத்திருக்க முடியாது. நாளை மறுநாள் ஆலையில் யாரோ பெரிய மனிதர் வருகிறார்களாம், போயே ஆக வேண்டும். விடியும்வரை நான் கதவைத் திறக்காமல் இருந்தால் கார் போய்விடும். அடுத்து அவர் வருவது ஈஸ்டருக்கு. அதற்குள் தேர்வு முடிந்துவிடும், பிப்ரவரியில் நீங்கள் வந்துவிடுவீர்கள். அவ்வளவுதான் என் திட்டம். கதவு பழைய குறபாவ் மரம், உடைக்க முடியாது.

சிஸ்டர் பெனிக்னாவிடம் இன்னொரு சாவி இருக்கிறது. சற்றுமுன் தோன்யாவோடு கதவுவரை வந்தார். "சாவிய எங்கேயோ வச்சிட்டேன், தோன்யா. வயசாகுதுல்ல" என்று சொல்வது கேட்டது. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கும்போது சாவி எதற்கு? அது எனக்காகச் சொன்னது. பக்கத்தில் நிற்கிறேன் என்று.

பெலார்மினா ஜன்னல் கம்பி வழியாக வேகவைத்த மரவள்ளிக் கிழங்கு நீட்டினாள். "ஏய், உன் ஞானத்தாய் அங்க ஊரக் கூட்டிட்டு நிக்குது. இங்க வந்து பாடச் சொல்லவா? கேட்டா நீயே பயந்து ஓடிருவ" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். ஆனால் அவள் கை கம்பியை விடவே இல்லை. "நீ ஜெயிச்சா நாங்களும் கதவச் சாத்திப்போம்டி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தோன்யா அம்மாவிடம் பேசியதும் கேட்டது. எல்லோருக்கும் எதிரில், சத்தம் போடாமல், வருத்தமாகக் கேட்டார்: "ஏன் கோமாத்ரே, உன் பொண்ணு உன் பேச்சக் கேக்கமாட்டாளா? இல்ல, நீதான் கேக்காதேன்னு சொல்லிக் குடுத்தியா?" அம்மா என்ன சொன்னார் என்று தெரியவில்லை. மேளம் கேட்டது.

மதர், நீங்கள் பிப்ரவரியில் வருவீர்கள். வந்தால் மற்ற வயலின்களைக் கொடுத்தவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கோவிலில் வைத்து, எல்லோரும் பார்க்க, ஒவ்வொருத்தியின் அம்மா கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள். வாங்கிக்கொண்டால் உறவு அறும் என்று எபிஃபானியா சொல்கிறாள். சரியா என்று தெரியாது, ஆனால் கேட்டுப் பாருங்கள். வேறு வயலின் கிடைக்காவிட்டால் பாட்டு சொல்லிக் கொடுங்கள். தொண்டைக்கு யாரும் ஞானத்தாயாக முடியாது.

மேளம் நின்றுவிட்டது. மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. இன்னும் கொஞ்ச நேரம். ரோடு சேறாகிக்கொண்டு இருக்கும். நான் திறக்கப் போவதில்லை. தோன்யா கூப்பிட்டாலும், சாமியார் கூப்பிட்டாலும்,

யாரோ தட்டுகிறார்கள்.

தோன்யா இல்லை. அவர் மோதிரக் கையால் தட்டுவார். இது உள்ளங்கை. மெதுவாக, கதவைத் தடவுகிற மாதிரி.

"நசாரியா. நான்தாண்டி."

அம்மா.

"ஒண்ணும் சொல்லமாட்டேன். எல்லாரும் போயிட்டாங்க, நான் மட்டுந்தான் நிக்கிறேன். மழையில நனையுறேன்டி. தொற."

மதர், என்னால் இவரை மட்டும்